கோபுரச் சீட்டுக்கு நேர்வாளம்

முப்பத்தோரு வருஷம் ஓர் ஆயுர்வேத மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். சாக்கில் வந்து இறங்கும் பட்டையும் வேரும் சொன்ன சரக்குதானா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அசோகப் பட்டை என்று பில் போட்டு நெட்டிலிங்கப் பட்டையை அனுப்புகிறவர்கள் உண்டு. உடைத்து, முகர்ந்து, மெல்லிய சீவலாக அறுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, இது அதுவல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். லாரி வந்த வழியே திரும்பிப் போகும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒருத்தி எப்படிப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்தாள் என்பது தெரியவேண்டும், அதற்காக.

ஓய்வுபெற்ற பிறகு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். கேரளத்தில், கரமனை அக்ரகாரத்தில் எங்கள் வீட்டில் நானும் மன்னியும் மட்டும்தான். மன்னி, காலமான என் அண்ணாவின் மனைவி. ஒரே அடுப்பு, இரண்டு டிவி. மன்னிக்கு ஒரே பெண், கனடாவில். அந்தப் பெண் போன் செய்யாத வாரங்களில் மன்னி நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு சாஸ்தமங்கலத்துக்குப் போவாள். அங்கே ஒருத்தி டாரட் சீட்டுப் போட்டுப் பலன் சொல்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"பெருமாள் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்றதில்லே. இவ சொல்றாளாக்கும்," என்றாள் மன்னி.

"என்ன சொன்னா?"

"பொண்ணு மனசுல ஒரு மூட்டம் இருக்காம். பௌர்ணமி கழிஞ்சா மாறும்னா."

"கனடாவிலயும் அதே பௌர்ணமிதானா?"

"ஒனக்கு எல்லாத்துலயும் குத்தம் காணணும். அங்க வந்து பாரு. எத்தனை டாக்டர், எத்தனை வக்கீல் வந்து காத்துண்டு இருக்கான்னு."

டாக்டர்களும் வக்கீல்களும் முட்டாள்களாக இருக்க முடியாது என்று மன்னி நம்பினாள். ஆய்வுக்கூடத்தில் எனக்கு மேலே இருந்தவர்களைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை எனக்கு இருந்ததில்லை.

எங்காத்து நாத்தனாருக்கு எல்லாப் பச்சிலையும் தெரியும் என்று மன்னி அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாளே எனக்கு போன் வந்தது. குரலில் அப்படி ஒரு தேன். மாமி வரணும், மாமியோட அறிவு எனக்கு வேணும், மாமி இல்லாம இது நடக்காது. இந்த ஊரில் தமிழ் பேசும் அக்ரகாரத்துப் பெண் என்றால் அவள் ஜட்ஜாக இருந்தாலும் மாமிதான். நான் அதற்கு எப்போதோ பழகிவிட்டேன். ஆனால் அவள் அந்தச் சொல்லைக் குழைத்த விதம் வேறு. வீட்டு நாயைத் தடவிக்கொடுப்பதுபோல் இருந்தது. போகமாட்டேன் என்றுதான் போனை வைத்தேன். இரண்டாம் நாள் போனேன். வீட்டில் எனக்கு வேலை இல்லை. அதைத் தவிர உருப்படியான காரணம் எதுவும் என்னிடம் கிடையாது.

அங்கே எல்லோரும் அவளை மேடம் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மரியாதை இல்லாமலே சொல்ல வசதியான சொல் அது. நாற்பது நாற்பத்தைந்து வயது. கொல்லம் பக்கத்துக்காரி. சென்னையில் ஏதோ ஐடி கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிறதும் நீக்குகிறதுமாகப் பத்து வருஷம் இருந்துவிட்டு, ஒருநாள் உள்ளே ஒரு குரல் கேட்டு வேலையை விட்டவள். கணவன் துபாயில். வீட்டின் கீழ்த்தளத்தைச் சென்டர் ஆக்கியிருந்தாள். வாசலில் ஒரு புத்தர் தலை. கழுத்துக்குக் கீழே அவருக்கு ஒன்றும் இல்லை, தலையிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருக்கும். உள்ளே உருளி என்கிற அகன்ற வெண்கலப் பாத்திரத்தில் பிளாஸ்டிக் தாமரை. எந்நேரமும் புல்தைல நாற்றம். கம்பெனியில் தரை துடைக்க நாங்கள் வாங்கும் அதே தைலத்தை அவள் சின்னக் குப்பியில் ஊற்றி, அதற்கு அமைதி என்று பெயர் வைத்திருந்தாள்.

டாரட் என்பது ஒரு சீட்டுக்கட்டு. ரம்மி ஆடமுடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதில் இருபத்திரண்டு பெரிய சீட்டுகள் உண்டாம். முட்டாள், துறவி, காதலர்கள், தேர், நிலா, மரணம், இடி விழுந்து சரியும் கோபுரம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். எடுத்த சீட்டுக்குத் தகுந்தபடி பலன். மேடத்துக்கு உள்ளே கேட்ட குரல் சமீபத்தில் இன்னொன்றும் சொல்லியிருந்தது. இருபத்திரண்டு சீட்டுக்கும் இருபத்திரண்டு கேரள மூலிகை. சீட்டில் படமும் பலனும், கீழே செடியும் அதன் குணமும். அழகான பெட்டியில் போட்டு விற்பது. எந்தச் சீட்டுக்கு எந்தச் செடி என்பதை நான் சொல்லவேண்டும்.

"மாமி, கேரளத்தோட மண்ணும் யூரோப்போட ஞானமும் ஒண்ணு சேரப் போகுது," என்றாள். அவள் தமிழ் சென்னைத் தமிழ், இழுப்பு மட்டும் கொல்லம்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன். துறவிக்குக் கீழாநெல்லி கொடுத்தேன். காய்களை இலைக்கடியில் ஒளித்துவைத்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் இருக்கும் செடி. தலைகீழாகத் தொங்குகிறவன் என்ற சீட்டுக்குச் சீந்தில். வெட்டி எறிந்தாலும் மரத்தில் தொங்கியபடியே வேர்விட்டுப் பிழைத்துக்கொள்ளும் கொடி. தேருக்கு, முடங்கின காலை ஓடவைக்கும் முடக்கற்றான். பேரரசிக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கு. வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு வாரம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு செடியின் குணத்தைப் பரிசோதனை அறிக்கையில் அல்லாமல் வேறு மாதிரி எழுதிப் பார்க்க முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு வாய்த்ததில்லை.

நிலாவில்தான் சண்டை ஆரம்பித்தது.

"நிலாவுக்கு நிலவேம்பு," என்றாள் மேடம். "பேர்லயே இருக்கே."

"அது நிலா இல்லே. நிலம். நிலத்தோட கிடக்கற சின்னச் செடி, வேம்பு மாதிரி கசக்கும். அதனால நிலவேம்பு."

கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாததைக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். "மாமி சொல்றது டிக்‌ஷனரி. எனர்ஜி லெவல்ல அது நிலாதான்."

நிலாவுக்கு நிலவேம்பு என்றே ஆயிற்று. மரணச் சீட்டில் மரணம் என்று எழுதக்கூடாது என்றாள், மாற்றம் என்று எழுதவேண்டுமாம். வாங்குகிறவர்களுக்கு மனசு கஷ்டப்படும். முட்டாளுக்கு நான் கொடுத்த, புத்தி வளர்க்கும் நீர்ப்பிரமி ரொம்பச் சரி என்று பாராட்டினாள். ஆனால் முட்டாள் என்று போடாமல் யாத்ரீகன் என்று போடச் சொன்னாள். காதலர்களுக்குத் தொட்டாற்சுருங்கி கொடுத்தேன். அது தூக்கியெறியப்பட்டு, பன்னீர் ரோஜா வந்தது. பன்னீர் ரோஜா கேரள மூலிகையா என்று கேட்டேன். "காதலுக்கு ஸ்டேட் பார்டர் உண்டா மாமி?" என்று சிரித்தாள். அங்கே காத்திருந்த இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருத்தி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ கெட்டுப்போயிற்று. இவர்களுக்கு எதைக் கொடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. அன்று சாயங்காலம் கிழக்கேகோட்டையில் கரமனை பஸ்ஸுக்காக நிற்கும்போது கோபுரச் சீட்டு ஞாபகம் வந்தது. கட்டியதெல்லாம் ஒரே அடியில் கீழே வந்து விழுகிற சீட்டு. அதற்குப் பொருத்தமான செடி ஒன்று தோன்றி, பஸ் ஸ்டாப்பிலேயே தனியாகச் சிரித்தேன்.

நேர்வாளம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நேர்வாளக் கொட்டை கடும் பேதி மருந்து. மருந்து என்றுகூடச் சொல்லக்கூடாது, விஷம். வைத்தியர்கள் அதைப் பல தடவை சுத்தி செய்து, வேறு பலதோடு சேர்த்து, கடுகளவு எடுப்பார்கள். சுத்தி செய்யாததைத் தின்றால் குடல் வெந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் அதைத் தொட்டால் கையுறை இல்லாமல் தொடமாட்டோம்.

மறுநாள் அந்தச் சீட்டுக்கான வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். "நீ அடுக்கி வைத்ததெல்லாம் ஒரே நாளில் கீழே இறங்கும். தடுக்காதே. வெளியேறட்டும். முடிவில் நீ லேசாவாய்." கீழே நேர்வாளம். குணம்: விடுவிப்பு. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மேடம் படித்தாள். கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. "மாமி, இதுதான் பெஸ்ட். இது மாமி எழுதினதில்ல, மாமி மூலமா வந்தது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முகத்தை அசைக்காமல் நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே கலப்படம் அது. சுகமாகத்தான் இருந்தது.

பிறகு போட்டோ எடுக்க ஒவ்வொரு மூலிகையும் நேரில் வேண்டும் என்றார்கள். சாலை பஜாரில் எனக்குப் பழக்கமான நாட்டு மருந்துக்கடைக்குப் போனேன். திருநெல்வேலிக்காரர் கடை. அவர் என் கையில் நேர்வாளத்தைக் கொடுக்குமுன் எதற்கு என்று கேட்டார். போட்டோவுக்கு என்றேன். நான் கேட்டதால்தான் கொடுத்தார். இருபத்திரண்டு சின்னக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, சென்டரின் அலமாரியில் வைத்தோம். போட்டோ எடுத்து முடிந்தும் ஜாடிகள் அங்கேயே இருந்தன. பார்க்க அழகாக இருக்கிறதாம்.

சென்டரைப் பெருக்கித் துடைக்க வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். புருஷனுக்கு இங்கே கட்டட வேலை. முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எக்கா, இது நேர்வாளம்லா?"

"ஆமா. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. எங்கூர்ல ஒரு ஆளு இதத் தின்னுட்டு மூணு நாள் எந்திரிக்கல. இத எதுக்கு இங்க கொண்டு வச்சிருக்கு?"

கோபுரச் சீட்டைக் காட்டி வாசகத்தைப் படித்துச் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கட்டடத்தில் அந்தச் சீட்டின் அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். சிரித்து முடித்தபின் அவள் முகம் மாறிவிட்டது.

"எக்கா, வெளாட்டு சரிதான். ஆனா இத எடுத்துத் தூரப் போட்டுருங்க. யாராவது வாயில வச்சுட்டா?"

"யார் வைப்பா? இவாளுக்கெல்லாம் பார்த்து ரசிக்கத்தான் தெரியும்."

அவள் சரி என்று தலையாட்டவில்லை. ஜாடியைத் திரும்பக் கொண்டுபோய் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

பெட்டிகள் அச்சாகி வந்தன. ஐந்நூறு. வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்குப் போனேன். வள்ளியூர்க்காரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் துடைப்பம். முகம் வெளுத்திருந்தது.

"எக்கா, மேடம் ஏழு மணிலேருந்து பாத்ரூம்ல இருக்காவ. கூப்பிட்டா மொனகுதாவ. கதவத் தொறக்க மாட்டேங்காவ."

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அலமாரிக்கு ஓடினேன். மேல்தட்டு ஜாடி கீழே மேசைமேல் இருந்தது, மூடி திறந்து. பக்கத்தில் சின்ன உரல், தேன் பாட்டில், ஏற்றி அணைந்த மெழுகுவத்தி. அவற்றின் நடுவே கோபுரச் சீட்டு நிமிர்ந்து கிடந்தது.

இத்தனை நாளும் நான் அவளைத் திருடி என்று நினைத்திருந்தேன். கெட்டிக்காரத் திருடி, ஊரை ஏய்க்கிறவள் என்று. ஏய்க்கிறவள் தன் சரக்கைத் தானே தின்னமாட்டாள். இவள் தின்றிருந்தாள். அதாவது இவள் நம்பினாள். கண்ணை மூடியது, கலங்கியது, உள்ளே குரல் கேட்டது எல்லாம் நிஜம். நான் விளையாடியது ஒரு திருடியிடம் இல்லை, ஒரு அசட்டிடம். அந்த நேரத்திலும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு முட்டாளாக இருக்க இவளுக்கு என்ன உரிமை என்று.

கதவை இருவரும் இடித்துத் திறந்தோம். தரையில் சுருண்டு கிடந்தாள். உதடு வீங்கியிருந்தது. வள்ளியூர்க்காரி முகம் சுளிக்காமல் அவளைக் கழுவி, தன் மாற்றுப் புடவையைச் சுற்றி, தூக்கி நிறுத்தினாள். ஆட்டோ பிடித்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் மேடம் என் தோளில் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். குனிந்து கேட்டேன். "மாமி, வெளியேறுது," என்றாள்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர். என்ன சாப்பிட்டாள் என்று மலையாளத்தில் கேட்டார். நேர்வாளம் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. தாவரவியல் பெயரைச் சொன்னேன். போனில் தேடினார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. நர்ஸைக் கூப்பிட்டு வேகவேகமாக என்னென்னவோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது ஆரு கொடுத்தது?"

நான் என் நெற்றியையும் நரைத்த தலையையும் பருத்திப் புடவையையும் அவர் கண்ணால் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது என்பதும் தெரிந்தது.

"நான்தான்," என்றேன்.

"மாமி, இந்த வயசில் எதுக்கு இந்தப் பணி? படிக்காத ஆளுங்க வைத்தியம் பார்த்தா இப்படித்தான் ஆகும். ஒரு உயிர் போயிருக்கும், அறியாமோ?"

படிக்காத ஆள். முப்பத்தோரு வருஷம் கையெழுத்துப் போட்ட கை மடியில் கிடந்தது. நான் யார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் இன்னும் கேவலம். படித்தவள் தெரிந்தே செய்தாள் என்று ஆகும்.

மேடம் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கணவன் துபாயிலிருந்து போன் செய்து, வயிற்றுக்கோளாறு என்று சொன்னதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். மூன்றாம் நாள் அவள் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் நிலைக்கு வந்ததும், நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

"அந்தச் சீட்டு நான் கேலிக்கு எழுதினது. நேர்வாளம் விஷம். ஒங்களைப் பரிகாசம் பண்ணறதுக்குத்தான் அதைப் போட்டேன். சொல்லியிருக்கணும், சொல்லலே. என் தப்பு."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். கோபித்துக்கொள்வாள், அழுவாள், போலீஸுக்குப் போவேன் என்பாள் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தோலுரிந்த உதட்டோடு சிரித்தாள்.

"மாமி அப்படி நினைச்சுக்கிட்டிருக்கீங்க. கார்டு மாமியோட கேலியை உபயோகிச்சுக்கிச்சு. மூணு நாள் தொடர்ந்து எனக்கு அதே கார்டு வந்தது, தெரியுமோ? எனக்கு உள்ள பத்து வருஷமா இருந்த ஒண்ணு போயிடுச்சு."

"போனது ஒடம்பிலிருக்கற தண்ணி."

"அதுவும்தான்," என்றாள்.

இவளோடு என்ன பேசுவது? தப்பை ஒப்புக்கொள்ளப் போனவளுக்கு ஆசீர்வாதம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கக்கூட லாயக்கில்லாத ஆள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். அவளைத் திட்டியதில் பாதி என்மேல்தான் விழுந்தது. ஆனாலும் மறுபாதி அவளுக்கு உரியதுதான். அதை நான் இன்றும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சென்டருக்குப் போனேன். வள்ளியூர்க்காரியும் நானும் தரையில் உட்கார்ந்து ஐந்நூறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, கோபுரச் சீட்டை உருவி, மறுபடி ஒட்டினோம். இரண்டு முழு நாள் ஆயிற்று. உருவிய சீட்டுகளைப் பின்கட்டில் போட்டு எரித்தோம். மினுமினுப்புக் காகிதம், லேசில் பற்றவில்லை. மேடத்திடம் அச்சுப்பிழை என்று சொன்னேன். "அப்போ கோபுரம் தானாவே போயிடுச்சு," என்று அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

எரித்து முடித்த அன்றே வள்ளியூர்க்காரி வேலையை விட்டாள். என் பழைய கம்பெனியில் சரக்கு பிரிக்கிற வேலைக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்க்கா. மருந்து வாடையே இனி எனக்கு ஆவாது. தம்பானூர்ல ஓட்டல்ல காய் நறுக்க ஆளு கேட்காவ. கத்திரிக்காய்னா கத்திரிக்காய்தான். வேற ஒண்ணும் அர்த்தம் கெடையாது."

என்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. சொல்லவில்லை. ஆனால் போகும்போது எக்கா என்று கூப்பிட்டு விடைபெறவும் இல்லை.

வெளியீடு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சென்டரின் மொட்டைமாடியில். அறுபது எழுபது பேர். மன்னி முன்வரிசையில், பட்டுப்புடவையில். மேடம் பாதியாக இளைத்திருந்தாள், அது அவளுக்கு எடுப்பாகவே இருந்தது. மைக்கைப் பிடித்து, ஒரு மூலிகையால் தனக்கு நேர்ந்த நான்கு நாள் விடுதலையைப் பற்றி மலையாளத்தில் பேசினாள். இருட்டு, சரிவு, கழுவப்பட்டது, வெளிச்சம். ஆஸ்பத்திரி, சலைன் பாட்டில், வள்ளியூர்க்காரியின் புடவை எதுவும் அதில் வரவில்லை. கை தட்டினார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதோ பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் என்று மன்னி பிறகு சொன்னாள்.

கூட்டத்தில் ஒரு பெண் அது என்ன மூலிகை என்று கேட்டாள். மேடம் என் பக்கம் கையைக் காட்டி, "மாமி சொல்வாங்க," என்று மைக்கை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். என் குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது. "அது நேர்வாளம். மலையாளத்தில் நீர்வாளம். விஷம். இவர் அதைத் தின்று நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சாகாமல் பிழைத்தார். இதில் விடுதலை எதுவும் இல்லை. யாரும் தொடக்கூடாது." அதையே மலையாளத்திலும் சொன்னேன்.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. ஒரு வழியாக உறைத்தது என்று நினைத்தேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண், நல்ல படித்த முகம், கண்ணாடி போட்டவள், கையைத் தூக்கினாள்.

"மாமி, அது எவிடெ கிட்டும்?"

எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். இரண்டு மூன்று பேர் போனை எடுத்துப் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். நான் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்த மன்னி புடவையைக்கூட மாற்றவில்லை. "நாலு பேருக்கு முன்னால அவளை இப்பிடிக் கேவலப்படுத்தணுமா? நன்னாவா இருக்கு?" என்றாள்.

"மன்னி, அவ சாகக் கிடந்தா. நான் எழுதிக் கொடுத்ததாலே."

"நீயா எழுதினே?" என்றாள். பிறகு, "அப்போ ஒனக்கும் அந்த சக்தி இருக்குன்னு அர்த்தம். அவ சொல்லிண்டே இருப்பா," என்றபடி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் சாலை பஜாருக்குப் போனேன். முதலில் அந்தத் திருநெல்வேலிக்காரர் கடை.

"அண்ணாச்சி, யாராவது நேர்வாளம் கேட்டு வந்தா கொடுக்காதேங்கோ."

"காலைலயே ஒரு அம்மா கார்ல வந்து எறங்கி கேட்டாவ. இல்லைனுட்டேன். என்னத்துக்குனு கேட்டா மனசு லேசாவணும்ங்காவ," என்றார். "என்னம்மா நடக்கு ஊர்ல?"

அடுத்த கடைக்குப் போனேன். அதற்கடுத்த கடை, எதிர் வரிசை, சந்துக்குள் இருக்கும் மொத்தக் கடை என்று வெயில் ஏறும் வரை ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிச் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். என்னைத் தெரியாத ஒருவர், வாங்குவதானால் வாங்குங்கள், இல்லையென்றால் வழியை விடுங்கள் என்றார். யாரும் விற்றதாகச் சொல்லவில்லை. விற்றிருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு சென்டருக்கு நான் போகவில்லை. ஐந்நூறு பெட்டிகளும் விற்றுப்போயினவாம். இருபத்தோரு சீட்டுதான் இருக்கிறது என்று ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லையாம், மன்னி சொன்னாள். மேடம் இப்போது சாஸ்தமங்கலத்தை விட்டுவிட்டாள். பொன்முடிக்குப் போகும் வழியில் ஒரு பங்களாவை எடுத்து, தியானம் என்று சொல்லி, வாய்பேசாமல் இருப்பதற்கு ஆள் சேர்க்கிறாள். வாரம் ஒருமுறை எனக்கு வாட்ஸப்பில் செய்தி வரும். ஒரு படம், ஒரு பொன்மொழி, அந்த வாரத்துக்கான மூலிகை. நான் பதில் போடுவதில்லை. ஆனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, எந்தச் செடி, எந்தப் பாகம், உள்ளுக்கா வெளிப்பூச்சுக்கா என்று பார்த்துவிடுகிறேன். இதுவரை துளசி, புதினா, செம்பருத்திதான். அடுத்ததையும் பார்ப்பேன்.